இன்ஜினியர் கும்பிட்ட கதவு

வீடு வாங்குவதற்கு முன்னால் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போகும்போது டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனது மாதிரி இருக்கிறது என்று என் கொழுந்தன் ஒருமுறை சொன்னான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

எங்கள் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பார்கள். வாஸ்து பார்ப்பார்கள். தண்ணீர் உப்பா நல்லதா என்று ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். சுவரையும் கூரையையும் பார்க்கக் காசு கொடுத்து ஆள் வைப்பதில்லை. என் வீட்டுக்காரர்தான் வைக்க வேண்டும் என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். சீட்டு சீட்டாக எண்ணிப் பார்த்தே பழகிய மனிதர். அவருக்கு வந்த ரிட்டயர்மென்ட் பணமும், நாச்சியாபுரம் பக்கம் என் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணமும் அந்த ஒரு வீட்டுக்குள் போகப் போகிறது. படித்தவன் ஒருத்தன் பார்த்துச் சொல்லட்டும் என்றார். நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

வீடு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். காரைக்குடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தே அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, குளிக்கக் கீழே இறங்க வேண்டும். கல்யாணம் பேச வந்த அன்று சம்மந்தியம்மா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். "தலைப்பிரசவத்துக்குப் பிள்ளை இங்கயா வந்து படுக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காபியைக் குடித்தார். கல்யாணம் நடந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. முதல் பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அவள் வந்து படுக்க ஒரு கூரை வேண்டும். அதற்காகத்தான் வீடு.

பெரிய பெரிய வீடுகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அது இருந்தது. அரண்மனை மாதிரி எல்லாம் இல்லை. நடுவில் ஒரு கூடம், கூடத்தைத் தாண்டி இரண்டு அறை, பின்னால் சமையற்கட்டு. பழைய கட்டு. கான்கிரீட் கிடையாது. மர உத்தரம், அதன் மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் செங்கலும் சுண்ணாம்பும். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் உத்தரம் வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருந்தது. விற்கிற ஆச்சி சென்னையில் மகன்களோடு இருக்கிறவர். விற்பதற்காகவே வந்து தங்கியிருந்தார். மரியாதையான மனுஷி. எங்களுக்குப் பலகாரம் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்.

இரண்டு அறைகளில் ஒன்று பூட்டியிருந்தது. கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

ஆச்சி சொன்னார்: "அது படைப்பு அறை. எங்க முன்னோரு துணிமணி பேழையில இருக்கு. படைப்பன்னைக்கு மட்டுந்தான் தெறப்போம். நல்ல நாள் பாத்துப் பேழைய எடுத்துட்டுப் போயிருவோம். அதுக்கப்புறம் அறை உங்களுது."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை செத்துப்போனவர்களுக்குப் புதுத்துணி வைத்து, சோறு படைத்துக் கும்பிடுவது எங்கள் குடும்பத்திலும் உண்டு. அடுத்தவர் வீட்டு முன்னோர் இருக்கிற அறையைத் திறந்து காட்டு என்று எந்த வாயால் கேட்பது? என் வீட்டுக்காரர் செருப்பே போடாத காலை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இன்ஜினியர் வந்தது அதற்கு அடுத்த வாரம். காரைக்குடியில் பேர் உள்ள ஆள். பெரிய ரோட்டில் மாடியில் ஆபீஸ். வீட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பதற்கு என்று தனியாகக் காசு வாங்குகிறவர். வந்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கண்டக்டரண்ணே, நீங்களா! உங்க பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய்ப் படிச்சவண்ணே நான்" என்றார். அத்தோடு போயிற்று. என் வீட்டுக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்னை மதினி என்று கூப்பிட்டார் இன்ஜினியர். கையில் டார்ச்சும் ஒரு சின்னச் சுத்தியலும் வைத்திருந்தார். கூடத்துச் சுவரை, முதல் அறையை, சமையற்கட்டை எல்லாம் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார். வெள்ளைப் பெயின்ட் புதிதாக அடித்திருந்ததால் வெயிலில் கண் கூசியது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் வந்தார். ஆச்சி படைப்பு அறை என்றார். இன்ஜினியர் உடனே செருப்பைக் கழற்றினார். சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பிக் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நெற்றியில் இருந்த விபூதியைத் தொட்டுக்கொண்டார். திரும்பிப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல பிள்ளை, சாமி பயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வந்தது. கூடம் நன்று, அறைகள் நன்று, கூரை நன்று, குடியிருக்கத் தகுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தார். அறைகள் என்று எழுதியிருந்தார். அறை என்று இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

பத்திரம் பதிந்தோம். ஆச்சி வீட்டார் பேழையை எடுத்துக்கொண்டு போனார்கள். பால் காய்ச்சும்போது அந்த அறையை முதன்முதலாகத் திறந்தோம். சாம்பிராணி வாசம். ஜன்னல் கிடையாது. மேலே வெள்ளைத் துணி, சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய மேல்கட்டி. சாமி இருக்கிற இடத்தில் பல்லி, தூசி விழாமல் இருக்கக் கட்டுவது. பழசாகி மஞ்சள் பூத்திருந்தது. அதை அவிழ்க்க எங்களுக்குக் கை வரவில்லை. அத்தனை வருஷம் சாமி இருந்த இடம். நான் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஏற்றினேன். மேலே பார்க்கவே இல்லை.

அந்த மாதமே மகள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்தது. வீடு ராசியான வீடு என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் சொல்லிக்கொண்டோம். பிள்ளையார்பட்டிக்குப் போய் மோதகம் செய்து வைத்துவிட்டு வந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு, அதோடு அவளை இங்கே கூட்டி வந்துவிடுவது என்று சம்மந்தி வீட்டில் பேசி முடித்தோம். காற்று வராவிட்டாலும் பரவாயில்லை, குளிர் அடிக்காது, பிள்ளை பெற்றவளுக்கு ஏற்றது என்று படைப்பு அறையைத்தான் அவளுக்கு ஒதுக்கினேன். கட்டில்கூட வாங்கி அங்கே போட்டாயிற்று.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு காலையில் விளக்கை எடுக்கக் கதவைத் திறந்தேன். மேல்கட்டி நடுவில் தொங்கியது. சினை ஆட்டின் வயிறு மாதிரி பாரமாகத் தொங்கியது. தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று நினைத்துத் தொரட்டியால் ஓர் ஓரத்தை இழுத்தேன். தண்ணீர் கொஞ்சம்தான் வந்தது. மற்றதெல்லாம் மண். கரையான் மண். கூடை கூடையாகக் கட்டில் மேல் கொட்டியது. மண்ணோடு வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் நெளிந்தன. அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் சுவரில் போய் உட்கார வேண்டிய இடத்தில் மரம் இல்லை. கறுப்பாக, பஞ்சு பஞ்சாக ஏதோ இருந்தது. தொரட்டியால் குத்தினேன். அப்பத்தில் குத்தின மாதிரி உள்ளே போயிற்று.

கூடத்துக்கு ஓடி வந்து பார்த்தேன். அதே உத்தரம்தான். ஒரே மரம், படைப்பு அறையில் ஆரம்பித்துக் கூடத்தைத் தாண்டிப் போகிறது. இந்தப் பக்கம் வார்னிஷ், அந்தப் பக்கம் மண். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை மாதமும் அதன் அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

இன்ஜினியருக்குப் போன் போட்டோம். பதறினார். சாயங்காலமே வாறேன் மதினி என்றார். வரவில்லை. மறுநாள் மதுரையில் இருக்கிறேன் என்றார். அதற்கடுத்து எடுக்கவில்லை. அதற்குள் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து கூடத்திலும் அறையிலும் இரும்பு முட்டுக் கொடுத்தோம். சென்ட்ரிங் வேலைக்கு வாடகைக்கு விடுகிற இரும்புக் கால்கள். இது எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். தாங்குகிறவரைக்கும் தாங்கும் என்றான் அந்த மகாராசன். வாடகையை மட்டும் வாராவாரம் கரெக்டாக வந்து வாங்கிக்கொண்டு போனான்.

இனிப் போனில் ஆகாது என்று ஆபீசுக்கே போனோம். ஏசி போட்ட அறை. சுவர் முழுக்க அவர் கட்டிய வீடுகளின் படம். என் வீட்டுக்காரர் செல்போனில் எடுத்த போட்டோவைக் காட்டினார். இன்ஜினியர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் பார்த்து எழுதுவது, மூடிக் கிடக்கிற பகுதிக்கு நாங்கள் பொறுப்பில்லை, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்க டிக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன எழுத்தைக் காட்டிச் சண்டை போட்டவர். தனக்கு வந்ததும் வாயடைத்துவிட்டார்.

நான் விடவில்லை. "மூடிக் கிடந்துச்சுன்னா நன்றுன்னு எதுக்கு எழுதுனீக?" என்று கேட்டேன்.

"மதினி, சாமி இருந்த அறை. தெறக்கச் சொல்லியிருந்தா நீங்க தெறக்க விட்டிருப்பீகளா? நீங்களே கும்பிட்டுக்கிட்டுத்தானே நின்னீக?"

"விட்டிருக்க மாட்டேன். பாக்கலைன்னு எழுதியிருக்கணும்ல. ஒத்த வரி. இந்த அறையப் பாக்கலைன்னு ஒத்த வரி எழுத ஒங்களுக்கு எந்தச் சாமி குறுக்க வந்துச்சு?"

அவர் மணியை அடித்து டீ சொன்னார். டீயை நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் குடித்தார். படியிறங்கும்போது அதற்காக அவரைத் திட்டினேன். பாவம், தொண்டை காய்ந்திருந்தது என்றார்.

சென்னைக்கு ஆச்சிக்குப் போன் பண்ணினேன். சத்தம் போடத்தான் போட்டேன். ஆனால் அந்த அம்மா அழுதுவிட்டார். வருஷத்துக்கு ஒருநாள் போகிற அறை, மேல்கட்டியை அவிழ்ப்பதில்லை, பழசுக்குக் கீழேயே இன்னொரு துணியைக் கட்டிவிடுவோம், எங்கள் முன்னோர் தலைக்கு மேலேயே கரையான் இருந்திருக்கிறதே என்று அழுதார். பொய் அழுகை மாதிரி தெரியவில்லை. ஆனால் மகன் போனை வாங்கினான். "நீங்க பாத்துத்தானே வாங்குனீக? இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து பாத்தீகள்ல?" என்று கேட்டு வைத்துவிட்டான். இன்ஜினியரை வைக்காமல் வாங்கியிருந்தால்கூட அவன் வாயை அடைத்திருப்பேன். பார்த்து வாங்கியதுதான் எங்களுக்குக் குற்றமாகப் போயிற்று.

சிவகங்கையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். நுகர்வோர் கோர்ட்டில் போடலாம், நல்ல கேஸ் என்றார். இன்னொரு இன்ஜினியர் வந்து பார்த்து இது பழைய கோளாறுதான் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். எத்தனை பேரிடம் போனோம். ஒருத்தர் வந்தார். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவர் பிடிவரைக்கும் போயிற்று. வாசலுக்கு வந்து மெதுவான குரலில், இது வருஷக்கணக்காக அரித்தது, கண் இருக்கிற எவன் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். "நாளைக்கு ஒரே சங்கத்துல அவர் பக்கத்து நாற்காலியில ஒக்காரணும்மா" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் காசு வாங்கவில்லை என்பதை ஒரு நல்ல குணமாகச் சொல்ல எனக்கு மனசு இல்லை.

வக்கீல் அப்புறம் சொன்னார், சரி, கேஸைப் போட்டுவிட்டுக் கோர்ட்டே தன் சார்பில் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பக் கேட்போம், அவர் ஒரு நிபுணரோடு வந்து பார்த்து எழுதுவார் என்று. கூடவே ஒன்று சொன்னார். கமிஷனர் வந்து பார்க்கும்வரை ஓர் ஆணியைக்கூடத் தொடக்கூடாது. உத்தரத்தை மாற்றிவிட்டால் கேஸ் போச்சு.

கேஸுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மகளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. கமிஷனர் எப்போது வருவார் என்று கேட்டேன். கோர்ட் சொல்லும்போது வருவார் என்றார். ரிப்பேர் பண்ணினால் கேஸ் இல்லை. கேஸ் இல்லாவிட்டால் ரிப்பேர் பண்ணக் காசு இல்லை. ரிப்பேர் பண்ணாவிட்டால் மகள் வர முடியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ரூட்டில் அவர் பார்க்காத மரம் கிடையாது.

அப்போதுதான் எனக்கு வெறி பிடித்தது. இன்ஜினியர் வந்து அந்த அறையில் நிற்க வேண்டும். நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். காசுகூட அப்புறம். அவர் வாயால், நான் பார்க்கவில்லை, இது ஆகாது என்று சொல்லிவிட்டால் கேஸ் சீக்கிரம் முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து இன்ஜினியர் ஆபீஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கீழ்ப்படியில். மேலே ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "வீடு பாக்கச் சொல்ல வந்தீகளா? இந்தா, எங்க வீடு பக்கத்துலதான். ஒரு எட்டு வந்து பாத்துட்டு அப்புறம் ஏறுங்க." சிலர் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நிஜமாகவே வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் இன்ஜினியர் படியிறங்கி வந்தார். மதினி, அக்கம்பக்கம் சிரிக்கிறது, வாங்க பார்த்துவிடலாம் என்று அவரே காரில் ஏற்றிக்கொண்டார்.

கூடத்தில் இரும்புக் கால்களுக்கு நடுவே சந்து இருக்கிறது. அதில் ஒருக்களித்துப் போக வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் பழகிவிட்டோம். இன்ஜினியர் வேகவேகமாகக் கடந்து போனார். மேலே பார்த்துக்கொண்டே போனார். படைப்பு அறை வாசலுக்கு வந்ததும் நின்றார். பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. டார்ச்சை அடித்தார். வாசலில் நின்றபடியே அடித்தார். உத்தரத்தின் முனை தெரிந்தது. முட்டுக் கொடுத்த இடத்தில்கூட மண் உதிர்ந்து தரையில் கிடந்தது.

உள்ளே போங்கள் என்றேன். இங்கேயிருந்தே தெரிகிறது என்றார். போய் நின்று பாருங்கள் என்றேன்.

"அதுக்குள்ள எப்படிப் போறது மதினி, விழுந்துரும்."

சொல்லிவிட்டார். தானாக வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

"என் மக பிள்ளையப் பெத்துட்டு வந்து படுக்கலாம்னு எழுதிக் குடுத்தீக" என்றேன். "நீங்க ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டீகளா?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அண்ணே நீங்களாவது சொல்லுங்கண்ணே என்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் இத்தனை நாளில் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. ஒருக்களித்து உள்ளே போனார். கட்டில் மேல் கிடந்த மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, உத்தரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். "வாங்க தம்பி. எடம் இருக்கு" என்றார். பஸ்ஸில் எத்தனை ஆயிரம் பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்.

இன்ஜினியர் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முட்டுக்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு வெளியே போனார். இதை எழுதிக் கொடுங்கள் என்று தெருவரைக்கும் பின்னாலேயே போனேன். காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கண்ணாடியில் தட்டினேன். வாயைத் திறந்து என்னவோ சொன்னார், கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அவர் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது முறை வரவே இல்லை என்று அதில் இருந்தது.

வளைகாப்பைச் சம்மந்தி வீட்டிலேயே வைத்தார்கள். நாங்கள் விருந்தாளி மாதிரி போய் வளையல் போட்டோம். ஏழு வகைச் சோறும் நான் கட்டிக்கொண்டு போனது. சமையற்கட்டிலிருந்து முட்டுக்களுக்கு நடுவே ஒருக்களித்து ஒருக்களித்துத் தூக்கி வந்தது. சம்மந்தியம்மா சபையில் வைத்துத்தான் சொன்னார்: "சொந்த வீடு வாங்கியும் என்ன, பழைய வாடகை வீடே தேவலை போலருக்கு. அதுல தலைக்கு மேல ஓடாவது இருந்துச்சு." பெண்கள் சிரித்தார்கள். என்னிடம் பதில் இருந்தது, நல்ல சூடான பதில். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். விழுங்கிக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி பிடித்த கை, உதற முடியுமா?

வாடகைக்கு ஒரு வீடு எடுத்து அவளைக் கொண்டுவந்து வைக்கலாமா என்று பார்த்தோம். முட்டுக்கு வாடகை, வக்கீலுக்குப் பீஸ், பஸ் சார்ஜ். பென்ஷன் அதற்கே சரியாகப் போயிற்று. பழைய மாடி வீட்டுக்காரரிடம்கூடக் கேட்டேன். வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஐந்து நாள் கூட இருந்து, அங்கேயிருந்து சம்மந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். பத்தியச் சோறு ஆக்கிப் போட வேண்டியவள் நான். அதை இன்னொருத்தி ஆக்கிப் போட்டாள். குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது மகளுக்குக் கன்னம் சதை போட்டிருந்தது.

கேஸ் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. ஒருமுறை கமிஷனரைப் போட்டார்கள், அவர் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு ஆள் போட வேண்டும். அதுவரைக்கும் ஆணியைத் தொடக்கூடாது. மழை வந்தால் நாங்கள் சமையற்கட்டில் படுத்துக்கொள்கிறோம். கூடத்தில் உத்தரத்தின் வார்னிஷ் இப்போதும் மின்னிக்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். மாப்பிள்ளை காரில் கூட்டி வந்திருந்தார். ஏதோ கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள். சந்து முனையில் கார் நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். முதல்முறையாகப் பேரன் பாட்டி வீட்டுக்கு வருகிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப் போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்து வந்தேன். சுற்றினேன். பிள்ளை நெற்றியில் பொட்டு வைத்தேன். அவன் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தான்.

மகள் வலது காலை எடுத்து வைக்கப் போனாள்.

நான் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். எப்படி அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் இருந்த ஆரத்தித் தட்டு கீழே விழுந்துவிட்டது.

"அம்மா, நகரும்மா" என்றாள். "ஒரு நிமிஷம். பிள்ளைக்குச் சாமி அறையக் காட்டிட்டு வந்துர்றேன். எனக்குன்னு கட்டில் போட்டியாமே."

வேண்டாம் என்றேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். இரும்புக் கால்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் அவள் அப்பா பனியனோடு நின்றார். சந்துக்குள் ஒருக்களித்துக்கொண்டு, வரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பேரனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

மாப்பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது. நேரமாகிறது என்றார். நான் நகரவில்லை. மகள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். தெருவில் நின்றபடியே வாங்கினேன். எதிர்வீட்டு நிழலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பால் வாசம். என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அப்புறம் அவளே வாங்கிக்கொண்டாள். கார்வரைக்கும் கூடப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக ஓடியிருந்தது. வாளியை எடுத்து வந்து கழுவிவிட்டேன். என் வீட்டுக்காரர் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டில் கால்களை மட்டும் கழற்றி, முட்டுக்கள் வழியாக ஒவ்வொன்றாக வெளியே நீட்டினார். நான் வாங்கி வாங்கிச் சமையற்கட்டில் சுவரோரம் சாத்தினேன்.

அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்க வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போட்டிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.